செற்றியிலிருந்து தெரியும் எழுத்து

எழுத்தைப் பெரிதாக்கியதுதான் நான் செய்த குற்றம். வேறொன்றும் இல்லை. வீட்டுக் கணக்கு வைக்கிற கொம்பியூட்டர் திரையில் எழுத்தை என் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெருப்பித்தேன். அதற்கு என் கணவர் மானம் போயிற்று என்றார், அதே கிழமை மகள் பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து பேப்பர் கட்டோடு வந்து இறங்கினாள், ரெக்ஸ்டேலில் இருக்கிற சொந்தம் ஒன்று என்னோடு கதைப்பதை நிறுத்திவைத்தது. நல்லது. கதைக்காதவர்கள் கதைக்காமல் இருக்கட்டும் என்று நானும் இருந்தேன்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குருடு இல்லை. பார்வையின் ஓரமெல்லாம் சுத்தம். நடுவில் மட்டும் யாரோ ஈரவிரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். வாசலில் வந்து நிற்பவரின் சப்பாத்து தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு போகிறது என்று டொக்டர் சொன்னார். குறித்த நாளில் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். ஓம், கண்ணுக்குள்ளேதான். கேட்கிறவர்கள் ஐயோ என்று வாயைப் பொத்துவார்கள், நான் பொத்தமாட்டேன். ஊசி போட்டால் இருப்பது இருக்கும், போனது திரும்பாது. இவ்வளவுதான் விசயம்.

நாங்கள் இருப்பது டோர்செட் பார்க்கில், கென்னடி ரோட்டைப் பார்த்த ஒரு அப்பார்ட்மென்றில். ஹோலில் ஒரு பக்கச் சுவரோடு ரீவி, அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் கொம்பியூட்டர். எதிர்ச்சுவரோடு செற்றி, மூன்று பேர் இருக்கக்கூடிய மெத்தைக் கதிரை. இன்ரநெற் வயர் வருகிற துவாரம் அந்த மூலையில்தான் இருக்கிறது. அதனால் கொம்பியூட்டரும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் செற்றியில் இருப்பார்கள், நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்குப் பார்ப்பேன். இந்த ஒழுங்கு பல வருடமாக எவருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

கணக்கு ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விசயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பிஸ்கற் ஃபக்ரறியில் பெட்டி அடைக்கிற வேலை செய்தேன். சம்பளச் செக்கை அப்படியே கொண்டுவந்து கணவரிடம் கொடுப்பேன். அவர் அதைப் புரட்டிப் பிடித்து, பேனையையும் நீட்டி, "இதில வையும்" என்பார். நான் பின்பக்கத்தில் கையெழுத்து வைப்பேன். முன்பக்கத்தில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவும் இல்லை. கெட்ட மனிசன் இல்லை அவர். எங்களுடைய ஆட்களின் வீடுகளில் அப்போது அப்படித்தான் நடந்தது. பஸ்ஸுக்கு ரோக்கன் தருவார், பலசரக்குக்குக் காசு தருவார், மிச்சத்தைத் திருப்பிக் கேட்பார். அந்த நாளில் என் கண் ஊசியில் நூல் கோக்கிற கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னுடைய சம்பளத்தை நான் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

பிறகு அவர் வெயார்ஹவுஸில் விழுந்து முதுகை முறித்துக்கொண்டு இதே செற்றியில் மாதக்கணக்காகப் படுத்தார். பில்லுகள் வந்து குவிந்தன. அவருக்கு எழும்பி இருக்க ஏலாது, எனக்கு ஒன்றும் விளங்காது. நான் லைப்ரரியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்து பழகினேன். அங்கே சொல்லித்தந்த கணக்கு மென்பொருளை ஒரு பெட்டியாக வாங்கிவந்து, சீடித் தட்டைப் போட்டு ஏற்றினேன். முதலாவதாக அதில் அடித்தது என்னுடைய சம்பளம். அந்த இலக்கம் திரையில் வந்து நின்றதைப் பார்த்து நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அன்றைக்குத் தொடங்கி இந்த வீட்டின் வாடகை, கரண்ட், போன், இன்சூரன்ஸ், கோயில் அர்ச்சனை, கலியாணவீட்டு என்வலப், ஒன்றும் என் கை படாமல் போனதில்லை.

இப்படி இருக்கையில் போன வருடம் வாடகை கூடியது. புதிய தொகையைச் சொல்லும் கடிதத்தில் இருந்த எட்டை நான் மூன்று என்று வாசித்துவிட்டேன். எட்டின் இடப்பக்கத்தை அந்த மங்கல் தின்றுவிட்டது. ஐம்பது டொலர் குறைய அனுப்பிவிட்டேன். பில்டிங் ஒஃபிஸிலிருந்து கதவுக்குக் கீழால் ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அதை முதலில் கண்டது கணவர். கண்டவர் என்னிடம் தரவேண்டியதுதானே? இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பாங்கில் வேலை செய்கிற பிள்ளை அவள், ஒழுங்கானவள், எங்களில் உயிர். அதுதான் சிக்கலே. உயிராக இருக்கிறவர்களை எதிர்த்து நிற்பதுதான் கஷ்டம்.

"அம்மா, உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? எல்லாத்தையும் என்ர போனுக்கு மாத்தி விடுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ரெஸ்ற் எடுங்கோ."

"ரெஸ்ற் எடுத்து?"

"ரீவி பாருங்கோவன்."

"ரீவி தெரியிற கண்ணுக்குக் கணக்குத் தெரியாதோ?"

"ரீவி பெரிசம்மா," என்றாள் அவள்.

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்குள் அது விழுந்து கிடந்தது. போகும்போது, வருகிற ஞாயிறு பாங்க் பேப்பர்களோடு வருவதாகவும், நான் கையெழுத்து வைத்தால் மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கணவர் தலையை ஆட்டினார். கணக்கு என் கைக்கு வர முந்தி, இவர் காரின் இன்சூரன்ஸைக் கட்ட மறந்து நடுரோட்டில் பொலிஸிடம் மாட்டியபோது இவருடைய கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அப்போது யாரும் இவருக்குப் பேப்பர் கொண்டுவரவில்லை. ஒரு கிழமை இருக்கிறது, ஒரு கை பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மேசைக்கு முன்னால் குந்தினேன். மென்பொருளுக்குள்ளே எழுத்தின் அளவை மாற்ற ஒரு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தேவைப்படாததால் தொட்டதில்லை. சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று வைத்திருந்தார்கள். பெரிதை அமத்தினேன். அட கோதாரி, அது அவர்களுக்குத்தான் பெரிது. இதைச் செய்தவர்களில் ஒருவருக்கும் வீட்டில் வயதான ஆட்கள் இல்லைப்போல.

அதைவிட்டு, கொம்பியூட்டருடைய செற்றிங்ஸுக்குள் போனேன். அங்கே முழுத் திரையையும் பெருப்பிக்கலாம். பெருப்பித்தேன். திரை ஒருக்கால் கறுத்து, திரும்ப வந்து, நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. நான் மூக்கு முட்டக் கிட்டப் போய், தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால் வாசிக்கத் தொடங்கினேன். 'இந்த மாற்றத்தை' என்கிற அளவுக்கு வந்திருப்பேன், பெட்டி மறைந்து எல்லாம் பழையபடி சின்னதாகப் போய்விட்டது. திரும்பச் செய்தேன். திரும்பவும் அதே. விசயம் பிறகுதான் விளங்கியது. மாற்றத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கிறது. சில நொடிக்குள் ஓம் என்று அமத்தாவிட்டால், இந்த மனிசிக்குத் தெரியவில்லை என்று தானே நினைத்து, பழையதற்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கண் தெரியாதவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்குகிற இடத்தில், கண் தெரிந்தவர்களுக்கு மட்டும் போதுமான நேரம்! இதை யோசித்தவனை நேரில் கண்டால் எனக்கு இரண்டு கதை கதைக்க இருக்கிறது.

கணவர் செற்றியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், கொஞ்சம் தள்ளும், நான் அமத்திவிடுறன்."

"தொட்டியளெண்டால் தெரியும்."

"உதுக்கேன் இப்பிடிப் பாயிறீர்? ஒரு பொத்தான்தானே."

"ஒரு பொத்தானெண்டு தொடங்கித்தான் எல்லாம் போறது," என்றேன். அவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மென்பொருள்காரருடைய உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். நீண்ட நேரம் பாட்டுக் கேட்டபின் ஒரு இளம் குரல் வந்தது. மரியாதையான பிள்ளை. நான் கண்ணைப் பற்றியும் சின்னப் பெட்டியைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அந்தப் பிள்ளை, வீட்டில் பார்வை நன்றாக உள்ள வேறு யாராவது இருக்கிறார்களா, போனை அவர்களிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டது. இல்லை, இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றேன். பக்கத்தில் ரீவி அலறிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு, கண்ணை நம்பாமல் கையை நம்பினேன். அந்தப் பெட்டியில் இரண்டு பொத்தான். பெட்டி வந்தவுடன் விசைப்பலகையில் எதை எந்த ஒழுங்கில் தட்டினால் 'வைத்துக்கொள்' என்கிற பொத்தான் அமத்துப்படும் என்று ஒவ்வொன்றாகப் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பிடித்தேன். செவ்வாய் மத்தியானம் பிடிபட்டது. திரை கறுத்து வந்தது, பெட்டி வந்தது, என் விரல் போயிற்று, எழுத்து பெரிதாகவே நின்றது. நான் கையைத் தட்டினேன். கணவர் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழும்பி என்ன உடைந்தது என்று கேட்டார்.

பெரிதானதும் அடுத்த வில்லங்கம். எழுத்து பெருக்க, பத்திகள் திரையை விட்டு வெளியே போய்விட்டன. தொகை இருக்கிற பத்தி வலப்பக்கத்தில் எங்கோ தொலைந்துவிட்டது. தொகை தெரியாத கணக்கை வைத்து என்ன, பூசையா செய்வது? தேவையில்லாத பத்திகளை மறைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். செக் இலக்கம் போ. வகை போ. மிச்சம் போ, அது மேலேயும் இருக்கிறது. திகதி, யாருக்கு, தொகை, இந்த மூன்றும் இருக்கட்டும். குறிப்பு என்று ஒரு பத்தி இருந்தது. அதையும் மறைக்கத்தான் போனேன், மனம் வரவில்லை. என் வாயில் வருவதை எல்லாம் நான் எழுதி வைக்கிற இடம் அது. அதை விட்டுவைத்தேன். அதுதான் பின்னால் வந்து என்னைக் கடித்தது.

நிறம் மட்டும் மிச்சம். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, எவ்வளவு பெரிதென்றாலும், வெள்ளை கண்ணைக் கூசவைத்து எழுத்தைத் தின்கிறது. அதற்கு விடை கென்னடி ரோட்டில் கிடைத்தது. வியாழக்கிழமை ஊசி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். கடைகளின் பெயர்ப்பலகை ஒன்றும் தெரியவில்லை, வருகிற பஸ்ஸின் நெற்றியில் இருந்த இலக்கம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பில் மஞ்சள் வெளிச்சம். ஏன், என் கணக்கும் இப்படி வந்தால் என்ன?

வெள்ளிக்கிழமை திரையைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினேன். கணவர் சாமியறையில் விளக்கு வைத்துவிட்டு, திருநீறோடு ஹோலுக்கு வந்து அப்படியே நின்றார்.

"என்னப்பா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள கறுப்பை விரிச்சு வைச்சிருக்கிறீர்?"

"என்ர கண்ணுக்கு இதுதான் தெரியுது."

"லட்சுமி வாற இடமப்பா கணக்கு. கறுப்பைக் கண்டால் வருவாவோ?"

"மஞ்சளும் இருக்குத்தானே. மஞ்சளைக் கண்டு வரட்டும்," என்றேன். அவர் சாமியறைக்குத் திரும்பிப் போனார். நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து இருந்தேன். கூனாமல், மூக்கால் திரையை உரசாமல், என் வீட்டு வாடகையை நான் வாசித்தேன். எட்டு எட்டாகவே இருந்தது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது! எழும்பிப் போய் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டேன், சீனி போட்டு.

சனிக்கிழமைதான் ரெக்ஸ்டேல்காரர் வந்தார்கள். கணவருக்குத் தம்பி முறையான ஒருவரும் மனைவியும். அவர்களுடைய மகளுக்குக் கலியாணம், கார்ட் கொடுக்க வந்திருந்தார்கள். எங்களுடைய ஆட்களில் கார்டைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பில்லை. இரண்டு பேரும் நேரில் வந்து, குங்குமம் தந்து, கார்டை இரண்டு கையாலும் நீட்டவேண்டும். நகரத்தின் மற்ற முனையிலிருந்து ட்ராஃபிக்கில் அடிபட்டு வந்தவர்களைச் செற்றியில் இருத்திவிட்டு, நான் தேத்தண்ணி போடப் போனேன்.

இனி இதை விளங்கப்படுத்த வேண்டும். கலியாணவீட்டுக்கு நாங்கள் என்வலப்பில் காசு வைப்போம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று அந்த வீட்டார் குறித்து வைப்பார்கள். பிறகு வைத்தவர்கள் வீட்டில் ஒரு விசேசம் வந்தால், அதைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, திருப்பி வைக்கவேண்டும். எல்லாரும் குறித்து வைக்கிறோம். எல்லாரும் குறிக்காத மாதிரி நடிக்கிறோம். ரெக்ஸ்டேல் கலியாணம் வருகிறது என்று எனக்கு முதலே தெரியும். அன்று காலையில்தான் அதைக் கணக்கில் போட்டிருந்தேன். போட்டது திரையில் அப்படியே நின்றது. பஸ் நெற்றி அளவில், மஞ்சளில்.

தேத்தண்ணித் தட்டோடு வந்தால், ஹோலில் ஒரு சத்தமும் இல்லை. கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருடைய தலையின் சரிவில் தெரிந்தது. மற்ற இரண்டு பேருடைய முகமும் எனக்குத் தெரியாது, ஆனால் முகம் திரும்பியிருந்த பக்கம் தெரிந்தது. குறிப்புப் பத்தியில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'ரெக்ஸ்டேல் கலியாணம். எங்கட பிள்ளைக்கு வைச்சது 51. வந்து சாப்பிட்டது ஆறு பேர். நாங்கள் 101.'

அந்த மனிசி தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னா: "அக்காவுக்குக் கண் வருத்தமெண்டு கேள்விப்பட்டுக் கவலையா இருந்தது. எங்களுக்கு நல்லாத் தெரியுது."

அவருடைய கணவர் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு ஆறு பேரில்லை. அஞ்சு பேர். சின்னவன் வரேல்லை."

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வெட்கம் என்றால் வெட்கம், காது வரைக்கும் சுட்டது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயே எனக்கு ஒரு எரிச்சலும் வந்தது. மற்றவர்களுடைய வீட்டுத் திரையைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பத் தெரியாதா இவர்களுக்கு? நல்ல கண் இருக்கிறவர்களுக்கு அதைத் திருப்பவும் ஏலும்தானே?

அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். லிஃப்ற் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்த கணவர் கதவைச் சாத்தி, கதவில் சாய்ந்து நின்றார்.

"மானம் கப்பலேறிப் போச்சு. இந்தச் சனியனைக் கொண்டுபோய் அறைக்குள்ள வையும். இல்லாட்டி எழுத்தைச் சின்னனாக்கும்."

"சின்னனாக்கினால் எனக்குத் தெரியாது."

"தெரியாட்டிப் போகட்டும். நாளைக்குப் பிள்ளை வாறாள்தானே."

அந்தச் சொல் எனக்கு நெஞ்சில் ஏறியது. தெரியாட்டிப் போகட்டும். வந்தவர்கள் முன்னால் இவருக்கு வந்த வெட்கத்துக்கு என் கண் விலை. நான் போய்க் கப்புகளைக் கழுவினேன். கழுவின கழுவலில் ஒன்றின் பிடி கழன்றது.

ஞாயிறு நான் குளித்துவிட்டு வரும்போதே மகள் வந்திருந்தாள். மேசையில் அவள் தின்ன வாங்கிவந்த ரோல்ஸ் பெட்டி, அதற்குப் பக்கத்தில் பேப்பர் கட்டு. சனிக்கிழமை நடந்த கூத்தை அப்பா அவளுக்குச் சொல்லிவிட்டார் என்று என்னைக் கண்டதும் அவள் அடக்கிய சிரிப்பின் சத்தத்திலேயே தெரிந்தது.

"சரி, எல்லாம் செய்து வைச்சிருக்கிறியளாம். வாசியுங்கோ பாப்பம்," என்றாள்.

நான் கதிரையில் இருந்து திரையை எழுப்பினேன். வெள்ளை. வெறும் வெள்ளை. அதற்குள் எறும்பு ஊருகிற மாதிரி எழுத்து. ஒரு கிழமை நான் அடிபட்டுக் கட்டினதெல்லாம் போய், பழையபடி. கொம்பியூட்டர் தானாக மாற்றியதா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் நிறுத்தியிருந்த ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ மாத்தினது?"

"ஆரும் வந்தாலெண்டு..." என்று இழுத்தார்.

மகள் என் தோளில் கை வைத்தாள். "பரவாயில்லையம்மா. விடுங்கோ. அதுக்குத்தானே நான் வந்திருக்கிறன்."

விடவா? அவளுடைய கையை எடுத்துவிட்டேன். "ரெண்டு பேரும் செற்றியில போய் இருங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. இருந்தார்கள்.

நான் கண்ணை மூடினேன். வேண்டுமென்றே மூடினேன், அவர்களும் பார்க்கட்டும் என்று. விரல் விசைப்பலகையில் போயிற்று. செற்றிங்ஸ், அதற்குள் டிஸ்பிளே, கீழே, கீழே, கீழே, அமத்து. திரை கறுப்பது மூடிய இமைக்கு வெளியே தெரிந்தது. இப்போது அந்தப் பெட்டி வந்திருக்கும், இப்போது அது நொடிகளைத் தின்றுகொண்டிருக்கும். என் விரல் அதற்கு முந்தியது. பிறகு நிறம். பிறகு பத்திகள். கண்ணைத் திறந்தபோது கறுப்பில் மஞ்சளாக என் வீடு எனக்கு முன்னால் நின்றது.

வாசித்தேன். வாடகை, புதிய தொகை, குறைந்த ஐம்பதும் கட்டியாயிற்று. கரண்ட். போன். இவருடைய மருந்து. கோயில். ரெக்ஸ்டேல் வந்தது, அதையும் குறிப்போடு சேர்த்து உரத்து வாசித்தேன். மகள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

பிறகு சிரிப்பை விழுங்கிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். "அம்மா, இண்டைக்கு ஓகே. நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா கண் இன்னும் மோசமாகினால்? இது சும்மா ஒரு சேஃப்ரிக்கு. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. இஞ்ச, இந்த இடத்தில." விரலால் இடத்தைக் காட்டி, பேனையை என் கையில் தந்தாள்.

பேப்பரைப் பார்த்தேன். முழுக்கச் சின்ன எழுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு புகை. அடியில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. கோடு தெரியும்படி நல்ல தடிப்பாகத்தான் போட்டிருந்தார்கள்.

"கணக்குப் பாக்கக் கண் தெரியாது, கையெழுத்து வைக்க மட்டும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவளுடைய விரல் கோட்டில் நின்றபடியே நின்றது. "நான் வாசிச்சுக் காட்டுறனம்மா."

"நீ வாசிப்பாய். பிழையா வாசிக்கமாட்டாய், எனக்குத் தெரியும். எண்டாலும் நான் வைக்கமாட்டன். எனக்குத் தெரியிற எழுத்தில கொண்டு வா. நானே வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"என்னை நம்பேல்லையோ?" அவளுடைய குரல் உடைந்தது.

"உன்னை நம்பாமல் ஆரையடி பிள்ளை நம்பப்போறன்? உன்ர அப்பாவையும் நம்பித்தான் ஒவ்வொரு செக்கிலயும் பின்பக்கம் வைச்சனான். அவர் ஒரு சதமும் களவெடுக்கேல்லை. ஆனா முன்பக்கத்தில என்ன கிடந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

மகள் திரும்பித் திரையில் இருந்த கணக்கைப் பார்த்தாள். பிறகு பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஆறிப்போன ரோல்ஸைச் சாப்பிட்டோம்.

பேப்பரைப் பிறகு அவள் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தாள், ஒரு தலையணைத் தடிப்பில். அவள் செய்வாள் என்று எனக்குத் தெரியும், என் பிள்ளை அல்லவா. நான் அதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். விளங்காத இடத்தில் அவளுக்குப் போன் எடுத்து ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்கிறேன். சில இடங்கள் அவளுக்கும் விளங்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள். இன்னும் வாசித்து முடியவில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

ரெக்ஸ்டேல் கலியாணத்துக்குப் போனோம். வெட்கத்துக்கு மருந்தாக இருநூற்றொன்று வைப்போம் என்று கணவர் கெஞ்சிப் பார்த்தார். திரையில் இருந்ததைத்தான் வைத்தேன். இரண்டு பேர்தான் போனோம், இரண்டு பேர்தான் சாப்பிட்டோம். மண்டப வாசலில் அந்த மனிசி என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "மேடை தெரியாதக்கா, இஞ்ச முன்னுக்கு இருங்கோ" என்று முதல் வரிசையில் இருத்தினா. குத்தலா, அன்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக, குறிப்பில் ஆறு பேர் என்று இருந்ததை ஐந்து என்று திருத்தினேன். பிழை பிழைதான்.

கணவர் இப்போது செற்றிங்ஸைத் தொடுவதில்லை. பதிலாக ஒருநாள் முதுகு நோவோடு முனகிக்கொண்டு செற்றியை இழுத்து, திரை தெரியாதபடி ஜன்னலுக்குக் கீழே போட்டார். ரீவி பார்க்கக் கழுத்தைத் திருப்பவேண்டியிருக்கிறது. திருப்பிப் பார்க்கிறார். திரை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

போன கிழமை ஊசிக்குப் போனபோது, வலது கண்ணிலும் மங்கல் கொஞ்சம் பரந்திருக்கிறது என்றார் டொக்டர். வந்து எழுத்தை இன்னும் ஒரு படி கூட்டினேன். அதற்கு மேலே இனி ஒரு படிதான் இருக்கிறது. பின்னால் நின்று பார்த்த கணவர், என்னைப் புண்படுத்தக் கூடாது என்கிற குரலில் கேட்டார்:

"அதுவும் முடிஞ்சால் என்னப்பா செய்வீர்?"

"வாசிச்சுச் சொல்லுற குரல் ஒண்டு இதுக்குள்ள இருக்கு. அதைப் போட்டுவிடுவன். அது வாசிக்க நான் கேப்பன்."

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "சத்தமாவோ?"

"ஓம். நல்ல சத்தமா."

"ஆர் எவ்வளவு வைச்சது, எத்தினை பேர் வந்து சாப்பிட்டது, எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

அவர் ஜன்னலடியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அந்தச் செற்றியை எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

"கொரிடோரில போடுங்கோ," என்றேன். "கணக்கு இஞ்சதான் இருக்கும்."